குங்குமத்துக்கு மேல் சந்தனம்

அத்தியாயம் 6

"மக்ரூன் ஒண்ணுகூட உடையாம போய்ச் சேந்தா, நீ நல்ல டிரைவர்னு நானே சர்ட்டிபிகேட் எழுதித் தாரேம்மா" என்று சொல்லிக்கொண்டே இஞ்ஞாசி பின்சீட்டில் ஏறி, தொட்டால் நொறுங்கும் முந்திரி மிட்டாய்ப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

அனுஜா சிரிக்கவில்லை. தன் காரின் சாவியைத் திருகினாள், வண்டி கிளம்பியது.

இஞ்ஞாசிக்கு அதெல்லாம் பெரிய விஷயமில்லை. துறைமுகத்து இழுவைப் படகில் இன்ஜின் சத்தத்தோடு போட்டி போட்டுப் பேசிப் பழகியவர். துப்பறிய வந்த பிறகும் வாய்க்கு லீவு கொடுத்ததில்லை. சிரிக்காதவர்களிடம் ஜோக் சொல்வது அவருக்குச் சுவரில் பந்தடிப்பது மாதிரி, தனக்குத்தானே விளையாடிக்கொள்வார்.

முன்சீட்டில் பத்மஸ்ரீ. தென்திருப்பேரைக்காரி. நசுங்கிய வண்டிகளைப் பார்த்து இன்சூரன்ஸ்காரர்களுக்கு அறிக்கை எழுதிக்கொண்டிருந்தவர், ஒரு நாள் அந்த வேலையை உதறிவிட்டு மில்லர்புரத்தில் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் போட்டுவிட்டார். உதவிக்கு இஞ்ஞாசி. இப்போது அவர் காலடியில் ஒரு சாக்குப்பை கிடந்தது. அதற்குள் ஜாக்சனின் ரேஸ் காரிலிருந்து கழன்று விழுந்த ஷாக் அப்சார்பர் இருந்தது. முன்சக்கரத்தைத் தாங்குகிற இடதுபக்க ஷாக் அது. ஸ்பிரிங் உட்காருகிற தட்டு பிய்ந்து, பாதி வாய் திறந்த மாதிரி தொங்கியது.

அந்தப் பையை அனுஜா இதுவரை ஒரு தடவைகூடப் பிரித்துப் பார்க்கவில்லை.

ஜாக்சன் அவளுடைய அண்ணன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன், லீவு நாட்களில் கார் ரேஸ் ஓட்டியவன். பெரிய ரேஸ் எதுவும் இல்லை. சொந்தக் காசில் பழைய காரைத் தட்டி நிமிர்த்தி, மேற்கே ஒரு ட்ராக்கில் இவனைப் போன்ற அமெச்சூர்கள் கூடி ஓட்டுவது. காரை இவன் ஓட்டுவான், காருக்குள் என்ன போடுவது என்று தங்கச்சி சொல்வாள். படகு இன்ஜின் பட்டறையில் வேலை பார்க்கிறவள், சாமானைத் தட்டிப் பார்த்தே சங்கதி சொல்கிறவள். 'சிப்பி' என்று பெயர் வைத்திருந்தார்கள் அந்தக் காருக்கு. போன மாதம் ஒரு வளைவில் சிப்பியின் இடது முன்பக்கம் பொசுக்கென்று உட்கார்ந்தது. கார் உருண்டது. ஜாக்சனைப் பெட்டியில் வைத்துத்தான் ஊருக்குக் கொண்டுவந்தார்கள்.

போலீஸ் விபத்து என்று மூடிவிட்டது. ஊர் மூடவில்லை. "தங்கச்சிக்காரி மலிவுச் சாமானா வாங்கிப் போட்டா, அண்ணன்காரன் போய்ச் சேந்துட்டான்" என்று மாதா கோயில் வாசலிலேயே பேசினார்கள். அனுஜா அழவில்லை என்பதையும் சேர்த்துப் பேசினார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. வேலைக்குப் போனாள், வந்தாள். டீ நாக்கைச் சுட்டது நாக்கு உரிந்த பிறகுதான் தெரிந்தது. உடம்பு முழுக்க மரத்துப்போன காலில் நடக்கிற மாதிரிதான் இருந்தது.

பத்மஸ்ரீயிடம் வந்து அவள் கேட்டது ஒரே கேள்வி. "நான் பாத்து எடுத்த சாமான்தான் எங்க அண்ணனைக் கொன்னுச்சா? ஆமா, இல்லன்னு மட்டும் சொல்லுங்க. வேற எதுவும் எனக்கு வேண்டாம்."

இன்று காலையில் அந்த ஷாக்கைச் சுரண்டிப் பார்த்தபோது அதற்குப் பாதிப் பதில் கிடைத்திருந்தது.

"கிழவனுக்கு டை அடிச்சு மாப்பிள்ளைன்னு மணமேடையில ஏத்திட்டான்" என்றார் இஞ்ஞாசி பின்னாலிருந்து. "மேல கருப்புப் பெயின்ட்டு பளபளன்னு இருக்கு. சாவியால சுரண்டுனா உள்ள முழுக்கத் துரு. புதுசுன்னு சொல்லி எவனோ பழசைத் தள்ளிவிட்டுட்டான். யாரு வித்தது? நாம இப்ப போற கடைக்காரன் கேஷவ். அப்ப யாரு திருடன்?"

"வித்தவன் எல்லாம் திருடன்னா ஊர்ல ஒரு கடை தேறாது இஞ்ஞாசி" என்றார் பத்மஸ்ரீ.

கேஷவ் ஏமாற்றியிருந்தால் தன்மேல் தப்பில்லை. அனுஜா அதை மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். நிம்மதி வரும் என்று காத்தாள், வரவில்லை. ஏமாந்தவளும் நான்தானே என்று வேறு தோன்றியது, அதுவும் ஒட்டாமல் போய்விட்டது.

இருபுறமும் உப்பளம். வெயிலில் உப்புக் குவியல்கள் கண்ணைக் கூசச் செய்தன. ரோட்டுப் பள்ளங்களில் உப்புத்தண்ணீர் தேங்கிக் கிடந்தது. பட்டறைக்கும் வீட்டுக்கும் இந்த ரோடு ஒன்றுதான், தினமும் அதில் விழுந்து எழுந்துதான் அவள் போய்வந்தாள். ரயில்வே கேட் வந்தது. தண்டவாளத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தார் பெயர்ந்து, தெரியாதவன் வேகமாக வந்தால் தலை கூரையில் இடிக்கிற இடம். அனுஜா எதையும் யோசிக்காமல் ஏற்றி இறக்கினாள்.

இஞ்ஞாசி பொட்டலத்தைப் பிரித்தார். "மாதாவே! ஒண்ணுகூட நொறுங்கல. மேடம், இந்தாங்க, எடுத்துக்கிடுங்க."

பத்மஸ்ரீ மக்ரூனை எடுக்கவில்லை. அனுஜாவைத் திரும்பிப் பார்த்தார். "இந்த வண்டியும் சிப்பியும் ஒரே மாடல்தானே?"

"ஆமா மேடம். இது ரெண்டு வருசம் புதுசு."

"கண்டிஷன் எப்படி?"

"லெஃப்ட் ஃப்ரண்ட் ஷாக் போயிட்டு. ஆயில் கசியும். குழியில விழுந்தா டமார்னு அடிக்கும். ரேஸ் முடியட்டும், பிறகு மாத்துவோம்னு போட்டு வச்சிருந்தேன்." பாடம் ஒப்பிக்கிற குரலில் சொன்னாள்.

"வாத்தியார் பிள்ளை மக்கு" என்றார் இஞ்ஞாசி.

பத்மஸ்ரீ "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எட்டயபுரம் ரோட்டில் கேஷவின் கடை. நெற்றியில் ஒற்றை ஸ்ரீசூர்ணக் கோடு, மேல் பொத்தான் வரை மாட்டிய சட்டை. அனுஜாவைப் பார்த்ததும் எழுந்து நின்றான். என்ன சொல்வதென்று தெரியாமல் "வாங்க, உக்காருங்க" என்று ஸ்டூலைத் துடைத்தான்.

அனுஜா உட்காரவில்லை. அவள் கண் அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது. அந்த நீலப் பெட்டி இன்னும் அங்கேயே இருந்தது.

சிப்பிக்குச் சாமான் வாங்க வந்த அன்று, உயரத்தை ஏற்றி இறக்குகிற ஷாக் இருந்த அந்தப் பெட்டியைத்தான் ஜாக்சன் கையில் தூக்கிக்கொண்டு கீழே வைக்க மாட்டேன் என்று நின்றான்.

"ஏளா, இதப் பாரு. திருகுனா உசரும், திருகுனா இறங்கும். எல்லாப் பயலும் இதத்தான் போட்டிருக்கான்."

"ஒனக்குத் திருகத் தெரியுமா?"

"படிச்சிக்கிடுவேன்."

"தப்பாத் திருகுனா இருக்கிறதும் போயிரும். நம்ம வண்டி எடையே இல்லாத வண்டி. இதுல இருக்க ஸ்பிரிங் அதுக்கு ரொம்பக் கட்டை, வளைவுல சக்கரம் துள்ளும். துள்ளுற சக்கரம் எதையும் பிடிக்காது. மொதல்ல தேஞ்ச ரப்பர் புஷ்ஷ எல்லாம் மாத்துவோம். பிறகு சாதா கேஸ் ஷாக், அதுக்குப் பொருந்துற மாதிரி கொஞ்சமே கொஞ்சம் கட்டையான ஸ்பிரிங். குழியில விழுந்தா ஒரு தடவை அமுங்கணும், ஒரு தடவை எழும்பணும், அதோட நிக்கணும். நல்ல ஷாக்னா அவ்வளவுதான்."

ஜாக்சன் பெட்டியைக் குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி அலமாரியில் திருப்பி வைத்தான். "சரிளா, நீ சொன்னா சரிதான். ஓட்டுறது கைதானே, ஷாக்கா ஓட்டுது?" என்றான். சிரித்தான்.

அந்தச் சிரிப்பு இப்போது அவளுக்கு நினைவு வந்தது. பழைய காலண்டரைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துக்கொண்டாள்.

பத்மஸ்ரீ சாக்கிலிருந்து ஷாக்கை எடுத்துக் கண்ணாடிக் கவுண்டரில் வைத்தார். "இதை நீங்க புதுசுன்னு வித்தீங்க."

"புதுசுதான் வித்தேன். அனுஜாவே நிறுத்துப் பாத்து, தட்டிப் பாத்துத்தான் எடுத்தாங்க."

இஞ்ஞாசி சாவியால் ஒரு கீறு கீறினார். பெயின்ட் உரிந்து துரு பொலபொலவென்று கொட்டியது. "தம்பி, புதுசுக்கு இம்புட்டு வயசாகுமா?"

கேஷவின் முகம் வெளுத்தது. குனிந்து பார்த்தான். புரட்டினான். தட்டுக்குக் கீழே உருளையில் ஒரு பொட்டு காய்ந்து ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் நிமிர்ந்தான். முகத்துக்கு ரத்தம் திரும்பி வந்தது.

"மேடம், இது என் கடைச் சாமான் இல்ல. இந்தப் பொட்டு நான் வச்சதில்ல."

"கடையை விட்டுப் போற எல்லாச் சாமானுக்கும் ஒங்க கையாலதான பொட்டு வைப்பிய? ஊருக்கே தெரியும்" என்றார் இஞ்ஞாசி. "பொட்டுல கையெழுத்தா போட்டிருக்கு?"

"கையெழுத்துதான் போட்டிருக்கு" என்றார் பத்மஸ்ரீ. "இஞ்ஞாசி, பெருமாள் படத்துக்குக் கீழே சந்தனக் கிண்ணமும் குங்குமச் சிமிழும் இருக்கு பாருங்க. எடுத்து இந்தக் கவுண்டர் ஓரத்துல ஒரு பொட்டு வையுங்க."

"நானா? பங்குச்சாமி பாத்தா பாவசங்கீர்த்தனம் பண்ணச் சொல்லுவாரு."

"நான் சொன்னேன்னு சொல்லிடுங்க."

இஞ்ஞாசி பயபக்தியோடு விரலைக் குங்குமத்தில் தோய்த்துக் கவுண்டரில் அழுத்தினார். பிறகு சந்தனத்தில் ஒரு சொட்டு எடுத்து அதன் நடுவே வைத்தார். இரண்டடி பின்னால் போய் அழகு பார்த்தார்.

கேஷவுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது.

"எதுக்கு இளிக்கிய?"

"சந்தனம் மொதல்ல வைக்கணும் அண்ணாச்சி. அது மேல, நடுவுல குங்குமம். எங்க வீட்டுல பால்குடிக்கிற பிள்ளைகூடத் தலைகீழா வைக்காது."

"ஒங்க வீட்டுல வைக்காது" என்றார் பத்மஸ்ரீ. ஷாக்கைத் திருப்பிக் காட்டினார். அடியில் அகலமாகக் குங்குமம், அதன்மேல் சந்தனம். இஞ்ஞாசி இப்போது வைத்ததுபோலவே இருந்தது. "காலையிலேயே பாத்தேன். பொட்டைப் பாத்தா சாமான் கேஷவ் கடைது, கை வேற யாரோடதோ. பழசுக்குப் பெயின்ட் அடிச்சவங்க, புதுசு மாதிரி தெரியட்டும்னு பொட்டும் வச்சிருக்காங்க. தினமும் வைக்கிற கை இல்ல அது. பாத்து மட்டுமே பழகின கை."

இஞ்ஞாசி தன் விரலைப் பார்த்துக்கொண்டார். "அப்ப பண்ணுனது எங்க ஆளு. வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போறவன்."

"எனக்கு வைக்கச் சொன்னாலும் நான் அப்படித்தான் வச்சிருப்பேன்" என்றாள் அனுஜா.

இஞ்ஞாசி அவளைப் பார்த்தார், பிறகு பத்மஸ்ரீயைப் பார்த்தார். தன்னைச் சந்தேகப்படுகிறார்கள் என்று அனுஜாவுக்குப் புரிந்தது. அதுவும் யாருக்கோ நடப்பதாகத்தான் இருந்தது. சந்தேகப்பட்டால் படட்டும் என்று நின்றாள்.

"அதையும் யோசிக்காம நான் வரல" என்றார் பத்மஸ்ரீ. "இஞ்ஞாசி, துருவுக்கு நடுவுல வெள்ளையா பூத்திருக்கே, அதை நாக்குல வச்சுப் பாருங்க."

"மேடம், சம்பளம் பேசும்போது இதைச் சொல்லலியே."

"வையுங்க."

வைத்தார். முகத்தைச் சுளித்தார். "உப்பு. நல்ல கல்லுப்பு. கருவாட்டுக்கே போடலாம்."

"அனுஜா, சிப்பி எங்க நிக்கும்?"

"வீட்டுக்குப் பக்கத்து ஷெட்டுல. தார்ப்பாய் போட்டு மூடியிருக்கும்."

"ரோட்டுல ஓடுமா?"

"ஓடாது. லாரியில ஏத்தித்தான் ட்ராக்குக்குப் போகும்."

"அப்ப இவ்வளவு உப்பு எங்கேயிருந்து வந்துச்சு?"

"இது உப்பளத்து ரோட்டுல தினமும் போயிட்டு வர்ற வண்டியோடது மேடம்" என்றான் கேஷவ். "அந்த ரோடு வருசக்கணக்கா தின்னாத்தான் தட்டு இப்படி விட்டுப்போகும். அதே மாடல் வண்டியா இருக்கணும், இல்லன்னா சிப்பியில மாட்டவே மாட்டாது." சொல்லிக்கொண்டே வந்தவன் சட்டென்று நிறுத்தினான். வாசலில் நிற்கும் வண்டியைப் பார்த்தான். "மேடம்... ரேஸுக்கு வண்டி போறதுக்கு மொத நாள் ஜாக்சன் இங்கன வந்தார். ஒரு டப்பா கருப்புப் பெயின்ட் வாங்குனார். போகும்போது பேப்பர்ல கொஞ்சம் சந்தனமும் குங்குமமும் மடிச்சுத் தாங்கன்னார். வண்டிக்கு வச்சிக்கிடுதேன்னார். நான் சந்தோசமாத்தான் குடுத்தேன். வேற ஒண்ணும் தோணல."

பத்மஸ்ரீ அனுஜாவின் பக்கத்தில் போய் நின்றார். "ஒன் வண்டி குழியில விழுந்தா டமார்னு அடிக்கும்னு சொன்ன. ரயில்வே கேட்டுல ஏன்மா அடிக்கல?"

அனுஜா வாசலில் நின்ற தன் வண்டியைப் பார்த்தாள். சாமானைத் தட்டிப் பார்த்தே சங்கதி சொல்கிறவள், ஒரு மாதமாக அந்தக் கேட்டைத் தாண்டிப் போய் வருகிறாள். அவளுக்கு எதுவும் கேட்கவில்லை.

நாலு பேரும் வெளியே வந்தார்கள். இஞ்ஞாசி ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தார். முன்சக்கரம் திரும்பி, உள்ளே இடம் தெரிந்தது. கேஷவ் தரையில் உட்கார்ந்து செல்போன் வெளிச்சத்தை அடித்தான்.

சேறும் புழுதியும் அப்பிக் கிடந்தது. அவன் விரலால் துடைக்க, உள்ளே புத்தம்புதுக் கருப்பு மின்னியது. துரு இல்லை, கசிவு இல்லை. தட்டுக்குக் கீழே பாதி உதிர்ந்த சந்தனம். அதன் நடுவில், உதிராமல், குங்குமம்.

"இது நான் வச்சது" என்றான் கேஷவ்.

வலதுபக்கமும் அப்படியே இருந்தது.

அந்த மழைநாள் அனுஜாவின் கண்முன் வந்து நின்றது. துறைமுக ரோடு. பக்கத்து சீட்டில் அண்ணன். குழியில் டமார் என்று விழுந்த இடது சக்கரம் வண்டியை ஒரு இழுப்பு இழுத்தது, எதிரே கன்டெய்னர் லாரி. மயிரிழையில் தப்பினார்கள். ஜாக்சன் வெளுத்துப்போய், "ஏளா, மொதல்ல ஒன் வண்டியப் பாரு. சிப்பி கெடக்கட்டும்" என்றான். "ரேஸ் முடியட்டும்ணே" என்றாள். மறுபடி சொன்னான், மறுபடி அதையே சொன்னாள். அதற்குப் பிறகு அவன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவளுக்கு ஒன்று என்றால் எதையும் விட்டுக்கொடுக்காதவன் அதை மட்டும் எப்படி விட்டான் என்று அவள் யோசித்ததில்லை.

"லாரியில ஏத்துற அன்னிக்கு" என்று மெதுவாகச் சொன்னாள், "புது இன்ஜின் போட்ட படகு ஒண்ணை ஓட்டிப் பாக்க நான் கடலுக்குள்ள போயிருந்தேன். வண்டி வீட்டுலதான் நின்னுச்சு. திரும்பி வாரதுக்குள்ள அவன் சிப்பியோட கெளம்பிட்டான்."

"அதுக்குள்ள மாத்திட்டான்" என்றார் பத்மஸ்ரீ. "புதுசை ஒன் வண்டிக்கு. ஒன் பழசைத் தன் வண்டிக்கு. ஒரு ரேஸ்தானே, சமாளிச்சிக்கிடலாம்னு நெனச்சிருப்பான். கசியுதுன்னு தெரியும். தட்டு அரிச்சிருக்குன்னு தெரியாது. ஒன் கண்ணுல பட்டா நீ விட மாட்டியேன்னுதான் பெயின்ட்டும் பொட்டும்." அனுஜாவை நேராகப் பார்த்தார். "நீ கேட்ட கேள்விக்குப் பதில், இல்ல. நீ எடுத்த சாமான் அவனைக் கொல்லல. அது அங்க இல்லவே இல்ல. இங்கன ஒன்னைத் தாங்கிட்டு இருந்துச்சு."

"அப்ப என் வண்டித் துருதான் கொன்னுச்சு."

இஞ்ஞாசி எதையோ சொல்ல வாயெடுத்தார். பத்மஸ்ரீ கையமர்த்தினார்.

"துரு ஒன்னோடது. முடிவு அவனோடது. நான் எதையும் பூசி மெழுக மாட்டேன். அதுக்குத்தான அந்த வேலையை விட்டேன்."

அனுஜா தலையை ஆட்டினாள். சக்கரத்தை நேராக்கினாள். "வாங்க, கொண்டுபோய் விட்டுருதேன்" என்றாள், டாக்ஸி டிரைவர் மாதிரி.

திரும்பும் வழியில் இஞ்ஞாசியின் வாய்க்கு முதல்முறையாக லீவு கிடைத்தது. பொட்டலம் மடியில் அப்படியே இருந்தது. உப்பளத்தில் பெண்கள் தலையில் கூடையோடு வரப்பில் நடந்து போனார்கள். ரயில்வே கேட் திறந்திருந்தது.

அனுஜா வேகத்தைக் குறைக்கவில்லை.

சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. வண்டி ஒரு தடவை அமுங்கியது. ஒரு தடவை எழும்பியது. அதோடு நின்றது.

அது அவள் முதுகுத்தண்டில் ஏறியது, உள்ளங்கையில் ஏறியது. ஒரு மாதமாக எதுவும் ஏறாத இடமெல்லாம் அது போய்ச் சேர்ந்தது. கேட்டுக்கு அந்தப் பக்கம் உப்புக் குவியலோரம் வண்டியை நிறுத்தினாள். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினாள்.

"ஏலே கிறுக்கா! ஏலே ஜாக்சா!" என்று அண்ணனைப் பெயர் சொல்லிக் கத்தினாள். வாழ்க்கையில் ஒரு நாளும் அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை. "சொல்லிட்டுச் செய்யக்கூடாதாலே?"

பின்சீட்டில் இஞ்ஞாசி சிலுவை போட்டுக்கொண்டார்.

அனுஜா நெற்றியை ஸ்டியரிங்கில் வைத்தாள். அழுகை அடிவயிற்றிலிருந்து புறப்பட்டு வந்தது. அதற்கு நடுவே, பக்கத்தில் இல்லாதவனிடம் சொன்னாள்.

"நல்லாத்தான் தாங்குதுண்ணே. நான் சரியாத்தான் எடுத்திருக்கேன்."